மாரடைப்பில் முழுச் சிகிச்சை: யாருக்கு, எப்போது?

இ.சி.ஜி.யில் எஸ்.டி. பகுதி உயர்ந்து காணப்படும் கடும் மாரடைப்புடன் வருவோருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, முற்றிலும் அடைபட்ட தமனியைத் தவிர, இதயத் தசைக்குக் குருதி தரும் மற்றக் கரோனரி தமனிகளிலும் குறுக்கம் இருக்கிறது. இத்தகையோருக்குச் சிகிச்சையை எந்த எல்லைவரை, எந்தக் காலத்துக்குள் செய்வது என்பதே இதயநோய் மருத்துவர்களும் அறுவைச் சிகிச்சை வல்லுநர்களும் ஆய்வு மாணவர்களும் கூடியுள்ள இம்மாநாட்டின் மையப் பொருள்.

குருதிக்கட்டி அடைத்து மாரடைப்பை உண்டாக்கிய தமனியை, அதாவது காரணத் தமனியை, உடனே பலூன் கொண்டு விரித்து ஸ்டென்ட் பொருத்த வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எஞ்சிய குறுக்கங்களைப் பொறுத்தவரை, கூடுதல் சாயமருந்து சிறுநீரகத்தைத் தாக்கும், சிகிச்சை நேரம் நீளும், குருதி எளிதில் உறையும் நிலையில் புதிய கட்டிகள் தோன்றக்கூடும் என்ற அச்சங்கள் நெடுங்காலம் மேலோங்கியிருந்தன. அதனாலேயே 2013ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டு நெறி, குருதியோட்டம் சீராக உள்ள நோயாளிக்கு அதே அமர்வில் பிற தமனிகளைத் தொடுவது தீங்கானது என்றே வகைப்படுத்தியது.

அதே ஆண்டில் பிரிட்டனில் 465 பேரிடம் நடந்த ‘பிராமி’ ஆய்வு இக்கருத்தை அசைத்தது. ஆயினும் அது சிறிய ஆய்வாகையால் ஐயம் முற்றும் நீங்கவில்லை. 31 நாடுகளில் 4,041 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2019இல் வெளிவந்த ‘கம்ப்ளீட்’ ஆய்வில், காரணத் தமனிக்கு மட்டும் சிகிச்சை பெற்றோரில் 10.5 விழுக்காட்டினர் ஏறத்தாழ மூன்றாண்டுகளில் இதயநோயால் இறந்தோ மீண்டும் மாரடைப்புக்கு உள்ளாகியோ இருக்க, எஞ்சிய குறுக்கங்களுக்கும் பிறிதொரு நாளில் சிகிச்சை பெற்றோரில் அவ்விகிதம் 7.8 ஆகக் குறைந்தது. இந்நன்மை பெரும்பாலும் புதிய மாரடைப்பைத் தடுத்ததால் விளைந்ததே. 2023ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டு நெறி, முழுச் சிகிச்சையை அதே அமர்விலோ 45 நாட்களுக்குள்ளோ முடிக்குமாறு வலியுறுத்துகிறது.

எனினும் இவ்விதி எல்லோருக்கும் பொருந்துவதன்று. இதயம் குருதியைச் செலுத்தும் ஆற்றலை இழந்து இரத்த அழுத்தம் வீழும் அதிர்ச்சிநிலையில், 706 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ‘கல்ப்ரிட்-ஷாக்’ ஆய்வு நேர்மாறான முடிவைத் தந்தது. அனைத்துத் தமனிகளுக்கும் உடனே சிகிச்சை பெற்றோரில் 55.4 விழுக்காட்டினர் முப்பது நாட்களுக்குள் இறந்தோ, டயாலிசிஸ் போன்ற சிறுநீரக மாற்றுச் சிகிச்சை தேவைப்படும் நிலையை அடைந்தோ இருந்தனர். காரணத் தமனியோடு நிறுத்தப்பட்டோரில் அது 45.9 விழுக்காடு. மாறாக, 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் நடந்த ‘ஃபயர்’ ஆய்வில் முழுச் சிகிச்சை பயன் தந்ததால், முதுமை ஒன்றையே காரணம் காட்டி அதனை மறுத்தல் தகாது.

எந்தக் குறுக்கத்தைத் தேர்வது என்பதில்தான் இன்னும் தெளிவு தேவைப்படுகிறது. குறுக்கத்துக்கு அப்பாலுள்ள அழுத்தம், மருந்தால் குருதியோட்டத்தைப் பெருக்கிய நிலையில், மகாதமனி அழுத்தத்தில் எத்தனை பங்கு என்று நுண்கம்பியால் அளப்பதே எஃப்.எஃப்.ஆர். எனப்படுகிறது; அது 0.80 அல்லது அதற்குக் குறைவாயின் அக்குறுக்கம் பொருட்படுத்தத்தக்கது. ஆனால் அவ்வளவீட்டின் வழி 1,542 பேரிடம் நடந்து 2024இல் வெளியான ‘ஃபுல் ரீவாஸ்க்’ ஆய்வில் முழுச் சிகிச்சையின் மேன்மை நிறுவப்படவில்லை. படத்தில் கண்ட குறுக்க அளவையே நம்புவதா, அழுத்த அளவீட்டை நம்புவதா என்பதை இங்குள்ள அமர்வுகள் ஆழ்ந்து ஆராய வேண்டும்.

அதுவரை, நிறுவப்பட்ட அறிவேனும் நோயாளியைச் சென்றடைதல் வேண்டும். ஒரு ஸ்டென்டுடன் வீடு திரும்புபவர் நோய் முழுதும் தீர்ந்துவிட்டதாக எண்ணிவிடுதல் இயல்பு. ஆகவே, எஞ்சிய குறுக்கங்கள் எவை, அடுத்த சிகிச்சை எந்த நாளில் என்பவற்றை மருத்துவமனை விடுவிப்புக் குறிப்பிலேயே எழுதி, குடும்பத்தாருக்கும் விளக்கிச் சொல்வதை ஒவ்வொரு மருத்துவரும் தம் கடமையாகக் கொள்ள வேண்டும் என இவ்வவை கேட்டுக்கொள்ளப்படுகிறது.