ஹெட்டை இறக்குவதற்கு முன்



சிவகாசிக் கடைத்தெருவில் ஒரு பழைய காரின் சைலன்சர் படார் என்று வெடித்தால் யாரும் திடுக்கிடுவதில்லை. "இது எந்தக் கம்பெனிச் சரக்கு?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள். ஆனால் அந்த வெடியும் பட்டாசு வெடியும் வேறு வேறு சங்கதி. பட்டாசு மருந்தில் வெடியுப்பு இருக்கிறது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை அதுவே கொடுத்துவிடும். அதனால்தான் காகிதத்தைச் சுற்றி இறுக்கி அடைத்தாலும் உள்ளே பற்றிக்கொள்கிறது. பெட்ரோலுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு கிலோ பெட்ரோல் ஒழுங்காக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வெளியிலிருந்து வந்தாக வேண்டும். இந்தக் கணக்கு தப்பினாலோ, பொறி நேரம் தவறி வந்தாலோ, சிலிண்டருக்குள் எரியாமல் தப்பித்த ஆவி சூடான சைலன்சருக்குள் போய் அங்கே வெடிக்கும்.

வெடிப்பது எங்கே என்று காதால் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் சோதனை. பின்னால் சைலன்சரில் வெடித்தால் டைமிங் பிந்தியிருக்கலாம், ஒரு பிளக் ஒழுங்காக அடிக்காமல் இருக்கலாம், எக்சாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் இருக்கலாம், குழாய் இணைப்பில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று புகலாம். முன்னால் கார்பரேட்டர் வழியாக இருமினால் பெரும்பாலும் பெட்ரோல் போதவில்லை. அதுவும் இல்லையென்றால் பிளக் வயர்களை யாரோ இடம் மாற்றிச் சொருகியிருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், சர்வீஸ் முடிந்து வந்த மறுநாளே இருமத் தொடங்கும் காரில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பழைய காரைப் பற்றிப் பேசுவதற்கு நம் விருதுநகர் மாவட்டத்தில் என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நம் தமிழ்நாட்டிலேயே செய்த ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன். 1961-இல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 'ஹெரால்டு' என்ற காரைச் செய்யத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டுதான் இது. உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரரான மிக்கெலோட்டி. ஹெரால்டு வீட்டுக் கார்தான், பந்தயக் கார் இல்லை. ஆனால் அதன் சேஸிஸைக் குட்டையாக்கி, அதே குடும்பத்து என்ஜினைக் கொஞ்சம் முறுக்கேற்றி, 1962-இல் டிரையம்ஃப் கம்பெனி 'ஸ்பிட்ஃபயர்' என்ற இருவர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. தம்பிக்கு வரும் நோயெல்லாம் அண்ணனுக்கும் வரும். நம் ஹெரால்டும் சும்மா இருக்கவில்லை. சோழவரத்தில் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஓடிப் பார்த்திருக்கிறது.

இந்தக் காரில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பானட்டைத் திறந்தால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து காரின் முன்பாதி முழுவதும் முன்னால் சாய்ந்துவிடும். முன்டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். மெக்கானிக்கின் முதுகை நினைத்துக் கார் செய்தவர்கள் உலகத்தில் குறைவு.

அப்படி உட்காரக் கிடைத்ததே ஒரு ஆபத்தாகவும் ஆகிவிடுகிறது. கை எட்டுகிறதே என்று எதையாவது கழற்றத் தோன்றும். "அண்ணாச்சி, பிக்கப் இல்ல, ஹெட்டை இறக்கிப் பாத்துருவமா?" என்று பட்டறையில் கேட்டால், தயவுசெய்து உடனே தலையாட்டாதீர்கள். "கம்ப்ரஷன் பாத்தாச்சா?" என்று திருப்பிக் கேளுங்கள். ஐம்பது அறுபது வயதான என்ஜினில் ஒவ்வொரு போல்ட்டும் துருவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று முறிந்தால் லேத் பட்டறைக்கு ஓட வேண்டும். தேய்மானத்தால் செத்த பழைய என்ஜின்களைவிட, அவசரப்பட்டுப் பிரித்ததால் செத்தவை அதிகம் என்பது என் எண்ணம்.

சரி, ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். மே மாதம், நடு மதியம். விருதுநகரிலிருந்து சாத்தூர் நோக்கி நான்குவழிச் சாலையில் போகிறீர்கள். கார் இரண்டு முறை முக்கி, மூன்றாவது முறை நின்றுவிட்டது. செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. அரைமணி நேரம் வேப்ப மர நிழலில் நின்றபின் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடுகிறது.

இதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஹெரால்டின் பெட்ரோல் பம்பு என்ஜினோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தச் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டால், பம்பு ஆவியைப் பிழிந்துகொண்டு நிற்குமே தவிர பெட்ரோலைத் தள்ளாது. அம்பாசடர் ஓட்டியவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிக்கொண்டு போனது இதற்காகத்தான். இன்னொரு காரணம் கண்டென்சர் அல்லது காயில். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக வேலை செய்யும், சூடானால் கைவிடும், ஆறினால் மறுபடி வேலை செய்யும். இரண்டுக்கும் அறிகுறி ஒன்றே என்பதால்தான் இத்தனை பேர் பெட்ரோல் பம்பை மாற்றிவிட்டு, அடுத்த வாரமும் அதே இடத்தில் நிற்கிறார்கள்.

நின்றவுடனே, ஆறுவதற்குள் பார்த்தால்தான் உண்மை தெரியும். டெல்கோவுக்கு, அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் காயில் வயரைக் கழற்றி, ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்து, என்ஜின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளி வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் சடக் சடக்கென்று தாவினால் பொறி நன்றாக இருக்கிறது. மஞ்சளாக மெலிந்து வந்தால் கண்டென்சரைப் பாருங்கள், கூடவே பாயிண்ட் கருகியிருக்கும். பொறியில் குறையில்லை என்றால், வயரைச் சொருகிவிட்டு, பிறகு கார்பரேட்டர் பக்கம் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டுப் பாருங்கள். பீய்ச்சி அடிக்கிறதா, நுரைத்துக்கொண்டு வருகிறதா? இந்த இரண்டு சோதனையையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது. பெட்ரோல் திறந்திருக்கும்போது பொறி வேண்டாம் என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓடிக்கொண்டே ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடித்தால் வேறு வழி. என்ஜின் மெதுவாக ஓடும்போது பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றினால் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். அந்தப் பிளக்கை அடுத்த சிலிண்டரில் போட்டுப் பாருங்கள். குறையும் கூடவே போனால் பிளக்தான். போகவில்லை என்றால் கம்ப்ரஷன் கேஜ் வையுங்கள். நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால், அந்தப் பிளக் ஓட்டை வழியாக ஒரு கரண்டி என்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டுமே குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. இப்போது ஹெட்டை இறக்கலாம். எதைத் தேடி இறக்குகிறோம் என்று தெரிந்துவிட்டதே! அதற்கும் முன்னால் டாப்பெட் இடைவெளியை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்த என்ஜினுக்கு அது 10 தவ், அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு. அது இல்லாமல் இறுகிக் கிடந்தாலே வால்வு மூடாது, கம்ப்ரஷனும் வராது.

கேஸ்கெட் ஏன் போகிறது என்று கேட்டால்தான் நம் ஊர் கதை வருகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து சிவகாசியில் தொடங்கியது 1923-ஆம் ஆண்டு. அந்தத் தொழிலும், பின்னால் வந்த பட்டாசும் இங்கே நிலைத்ததற்கு இந்த வறண்ட வானமும் ஒரு காரணம். குச்சியும் மருந்தும் காய வேண்டுமே. அதே வறட்சி ரேடியேட்டருக்கு ஆகாது. ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்பும் உப்பும் கூடுதல். வீட்டில் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் ரேடியேட்டர் குழாய்களிலும், அதைவிட மோசமாக என்ஜின் பிளாக்குக்குள்ளும் படிகிறது. சூடு அதிகம் பிறக்கும் இடத்தில்தான் படிவும் அதிகம். தண்ணீர் சுற்றினாலும் இரும்பிலிருந்து சூட்டை வாங்க முடியாது. ஹெட் வளையும், கேஸ்கெட் எரியும்.

இதற்கு நம் பட்டறைகளில் வழக்கமாகச் செய்வது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது. அதில் எனக்கு உடன்பாடில்லை. தெர்மோஸ்டாட் கெட்டிருந்தால் புதியது போடலாம். வெறுமனே எடுத்துவிட்டால் காலையில் என்ஜின் சூடேற நேரமாகும், பெட்ரோல் ஆயிலில் கலக்கும், ரிங் தேயும். படிவு மட்டும் அப்படியே இருக்கும். ரேடியேட்டரைக் கழற்றிக் குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். பிளாக்கின் பக்கத்தில் தண்ணீர் வடிக்கும் வழியையும் திறந்து, அது வழியாகச் சகதி வெளியேறும்வரை கழுவ வேண்டும். பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், வழியில் பெட்டிக்கடையில் வாங்கும் குடம் தண்ணீர் அவசரத்துக்கு மட்டும். சூட்டோடு மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். மூடி அழுத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும்வரைதான் உள்ளே தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த கணத்தில் ஆவியாக முகத்தில் அடிக்கும்.

இப்போது புதிதாக ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ காற்றே போதும். பெட்ரோலுக்கென்று துளையிட்ட பழைய கார்பரேட்டருக்கு இது தெரியாது. அது பழைய கணக்கிலேயே காற்றை விடும். விளைவு, எரிபொருள் போதாமல் என்ஜின் சூடேறுகிறது, கார்பரேட்டர் வழியாக இருமுகிறது. ரேடியேட்டர் சுத்தமாக இருந்தும் சூடேறினால் இதைச் சந்தேகப்படுங்கள். மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரியதாக மாற்றினால் பல நேரம் சரியாகிவிடும். எத்தனால் பழைய ரப்பரையும் ஊறவைத்துக் கெடுக்கும் என்பதால் பம்பின் டயஃப்ரமையும் பெட்ரோல் ஹோஸையும் அதைத் தாங்கும் ரகத்தில் மாற்றிவிட வேண்டும். சூடான என்ஜின் மேல் ஒழுகும் ஹோஸ் என்ன செய்யும் என்று விளக்க வேண்டாம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றுபோன பிறகு இந்தக் கார்களின் எக்சாஸ்ட் வால்வு இருக்கைகளும் மெல்லத் தேய்கின்றன. அதற்கென்று தனியாக ஹெட்டைப் பிரிக்க வேண்டாம். வேறு வேலைக்கு இறக்கும் நாளில் கடினமான இருக்கைகளைப் போட்டுக்கொள்ளலாம்.

புகை பற்றிச் சுருக்கமாக. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், நீலம் என்றால் ஆயில் எரிகிறது, சூடான பிறகும் வெள்ளை நின்றபாடில்லை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது.

கடைசியாக, இந்தக் குடும்பத்து என்ஜினுக்கே உரிய ஒரு பலவீனம். கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுக்க, பின்பக்க மெயின் பேரிங்கில் அரைவட்ட வாஷர்கள் இரண்டு இருக்கின்றன. கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் சுமை அவற்றின் மேல் விழுகிறது. சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்கும் பழக்கம் உள்ளவர்களின் காரில் அவை சீக்கிரம் மெலிந்து, கழன்று சம்ப்புக்குள் விழுந்துவிடும். பிறகு ஷாஃப்ட் பிளாக்கையே அராவித் தின்னத் தொடங்கும். அந்தப் பிளாக் இப்போது செய்யப்படுவதில்லை. சோதனை எளிது. என்ஜினை அணைத்துவிட்டு, ஒருவரை உள்ளே உட்காரவைத்துக் கிளட்சை மிதித்து விடச் சொல்லி, முன்னால் ஃபேன் பெல்ட் ஓடும் புல்லியைப் பாருங்கள். ஒரு சில தவ் அசைவு இருக்க வேண்டியதுதான், அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்கே தெரியும்படி புல்லி முன்னும் பின்னும் வந்தால் அன்றைக்கே காரை நிறுத்திவிடுங்கள். என்ஜினை இறக்க வேண்டியதில்லை. கீழே படுத்து ஆயிலை வடித்து, சம்ப்பைக் கழற்றி, பின் பேரிங் மூடியை எடுத்தால் வாஷர்களைச் சுழற்றி வெளியே எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாம். எண்ணெய்க் கோடுகள் வெட்டிய பக்கம் கிராங்க்கைப் பார்த்து இருக்க வேண்டும்.