ஐஸ் விழலையா? முதல்ல தண்ணியைப் பாருங்க

வீட்டு மெஷின்கள் பத்தின நம்ம வரிசையில இன்னைக்கு ஐஸ் மேக்கர். சைடு-பை-சைடு ஃப்ரிட்ஜ்ல கிளாஸை நீட்டினா கடகடன்னு ஐஸ் விழுமே, அதுதான். நல்லா ஓடிட்டு இருக்கும், திடீர்னு ஒரு நாள் நின்னுடும். ஆனா ஃப்ரிட்ஜ் ஜில்லுன்னுதான் இருக்கும்.

இதெல்லாம் ஒரு பிரச்சினையான்னு கேட்கலாம். எங்க அப்பாவுக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணின்னு டாக்டர் அளவு கொடுத்திருக்கார். தாகம் எடுத்தா ஒரு ஐஸ் கட்டியை வாயில அடக்கிப்பார். ஒரே மடக்குல தீர்ற தண்ணி, ஐஸா இருந்தா கொஞ்ச நேரம் தாங்கும். அதுவும் அன்னைய தண்ணிக் கணக்குலதான் சேரும். அப்படிப்பட்ட வீட்ல, மே மாச சென்னை வெயில்ல ஐஸ் மேக்கர் நின்னுச்சு.

வந்த டெக்னீஷியன் அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு, "மொத்த யூனிட்டையும் மாத்தணும், 11,000 ரூபா ஆகும்"னு சொன்னார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "உள்ள தண்ணி வருதான்னு பார்த்தீங்களா?" பார்க்கலை. "நாளைக்குச் சொல்றேன்"னு அனுப்பிட்டேன்.

ஐஸ் மேக்கர் செய்யிற வேலை ரொம்ப சிம்பிள். வால்வு திறந்து அச்சுல தண்ணி நிரம்பும், உறையும், சென்சார் பார்த்துச் சொன்னதும் மோட்டார் கட்டியைத் தள்ளிவிடும். அதே வரிசையில நாமளும் தேடணும்.

முதல்ல ஸ்விட்ச். பேனல்ல "ஐஸ் ஆஃப்" விழுந்திருக்கான்னு பாருங்க. சில மாடல்ல ஒரு கம்பிக் கை இருக்கும். அது மேல தூக்கியிருந்தா, டப்பா நிறைஞ்சிடுச்சுன்னு மெஷின் நினைச்சுக்கும். ஒரு கட்டி இடையில சிக்கியிருந்தாலே போதும், வேலை நின்னுடும்.

ரெண்டாவது குளிர். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில இருக்கணும். மைனஸ் 10 பக்கம் வந்துட்டா, உள்ள சாமான் கெட்டியாத்தான் இருக்கும், ஆனா ஐஸ் மேக்கர் தள்ளாடும். செட்டிங் மாத்தினா ஒரு நாள் முழுசா காத்திருங்க.

மூணாவது, பழைய கட்டியைக் கையில எடுத்துப் பாருங்க. நிக்கிறதுக்கு முன்னாடி கட்டி சின்னதாவோ நடுவுல குழியாவோ வந்துதா? அப்போ தண்ணி பத்தலை. ஃபில்டரை மாத்தி ஆறு மாசம் ஆயிடுச்சுன்னா முதல் சந்தேகம் அது மேலதான். அச்சு காய்ஞ்சு கிடந்தா வால்வையோ குழாயையோ பாருங்க. அச்சுல ஐஸ் இருந்தும் விழலைன்னா அது மோட்டார், சென்சார் வேலை. அதுக்கு ஆளைக் கூப்பிடுறதுதான் நல்லது.

எங்க வீட்ல அச்சு காய்ஞ்சு கிடந்துச்சு. அதுக்கு முந்தின வாரமே கட்டியெல்லாம் ஒல்லியாத்தான் வந்துச்சு. பிளக்கைப் பிடுங்கிட்டு, பின்னாடி இருக்கிற குழாயை மூடிட்டு, ஃப்ரிட்ஜுக்குப் போற டியூபைக் கழட்டி ஒரு பக்கெட்ல விட்டு, குழாயைத் திறந்தேன். நூல் மாதிரி ஒழுகுச்சு.

நாங்க இருக்கிறது மேல் மாடி. பெரும்பாலான மேனுவல்ல குறைஞ்சது 20 பி.எஸ்.ஐ. அழுத்தம் வேணும்னு போட்டிருக்கும். மொட்டை மாடித் தொட்டியில இருந்து 10 மீட்டர் கீழ இறங்கினாத்தான் ஏறக்குறைய 14 பி.எஸ்.ஐ. கிடைக்கும். எங்களுக்கும் தொட்டிக்கும் 3 மீட்டர்தான். 4 பி.எஸ்.ஐ. வந்தாலே பெரிசு. அதுல ஃபில்டரும் அடைச்சா என்ன மிஞ்சும்? சுவத்துல மாட்டுற ஆர்.ஓ. தொட்டியில இருந்து லைன் எடுத்தவங்களுக்கும் இதே கதைதான்.

இன்னொன்னு, அழுத்தம் குறைஞ்சா வால்வு இறுக்கமா மூடாது. சொட்டுச் சொட்டா ஒழுகி, அச்சுக்குப் போற குழாய்க்குள்ளேயே தண்ணி உறைஞ்சு அடைச்சிடும். எங்க வீட்லயும் அப்படித்தான் அடைச்சிருந்துச்சு. கத்தியால குத்தாதீங்க, பிளாஸ்டிக் கிழிஞ்சிடும். கரன்ட்டை எடுத்துட்டு வெதுவெதுப்பான துணியைச் சுத்தி வச்சா கரையும்.

ஃபில்டரை மாத்தி, லைன்ல ஒரு சின்ன பூஸ்டர் பம்ப் போட்டோம். அவர் கேட்ட காசுல பாதி கூட ஆகலை. மறுநாள் சாயங்காலம் முதல் கட்டி விழுந்துச்சு. புது ஃபில்டர்ங்கிறதால முதல் ரெண்டு மூணு ஈடு ஐஸைக் கீழ கொட்டிட்டோம்.

நடுவுல அந்த ரெண்டு நாளும் சாதா ஐஸ் ட்ரேதான். ஒரு குழியில எவ்வளவு தண்ணி பிடிக்குதுன்னு சிரிஞ்சால அளந்து ஊத்தினேன். "இப்பத்தான்டா கணக்கு சரியா இருக்கு"ன்னார் அப்பா. இன்னைக்கும் அவருக்கு ட்ரே ஐஸ்தான், மெஷின் ஐஸ் எங்களுக்கு.

அதனால, யாராவது "யூனிட்டை மாத்தணும்"னு சொன்னா, முதல்ல ஒரு பக்கெட்டை எடுத்து தண்ணி எப்படி வருதுன்னு பாருங்க. அடுத்த எபிசோட்ல, ஃப்ரீசர் உறையுது, ஆனா கீழ் தட்டுல பால் திரியுது, ஏன்னு பார்ப்போம்.