துணிப்பையும் திருப்பணியும்

(பினாங்கில் ஆலயத் தொண்டர்கள், உபயதாரர்கள் ஒன்றுகூடலில் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்து பை எடுத்துப் போவதைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். கோயிலில் பேச இது ஒரு பொருளா என்று உங்களில் சிலர் எண்ணலாம். அப்பர் பெருமானின் திருவுருவத்தை நினைத்துப் பாருங்கள். தேவாரம் பாடிய அப்பெருமான் கையில் ஏந்தியிருப்பது உழவாரம். கோயில் வீதியில் புல் செதுக்கிக் குப்பை அகற்றுவதையும் அவர் வழிபாடாகவே கொண்டார். ஆகவே குப்பையைப் பற்றிப் பேசுவதற்குக் கோயிலைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் கருத்து.

இந்நாட்டில் பிளாஸ்டிக் பைக்கு முதலில் கட்டுப்பாடு கொண்டு வந்தது நம் பினாங்கு மாநிலம்தான். 2009 ஜூலையில் திங்கட்கிழமைகளில் மட்டும் இலவசப் பை இல்லை என்று தொடங்கினார்கள். 2010-இல் அது திங்கள், செவ்வாய், புதன் என மூன்று நாள்களானது. 2011 ஜனவரி 1 முதல் வாரம் முழுவதும் இலவசப் பை நின்றது. வேண்டுவோர் 20 காசு கொடுத்து வாங்கினார்கள். அப்பணம் ஏழ்மை ஒழிப்பு நிதிக்குப் போனது. பின்னர் விலை 1 வெள்ளியாக உயர்ந்தது. சில நாள்களில் காசு கொடுத்தாலும் பை இல்லை என்ற விதியும் வந்தது. சிலாங்கூரில் 2017-இல் 20 காசுக் கட்டணம் தொடங்கியது. சிங்கப்பூரில் 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகள் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு வாங்குகின்றன.

தொடக்க நாள்களில் கடைகளில் நடந்த காட்சிகள் உங்களுக்கு நினைவிருக்கும். "நூறு வெள்ளிக்குச் சாமான் வாங்கியிருக்கிறேன், ஒரு பை தர மாட்டாயா?" என்று கல்லாவில் இருக்கும் பெண்ணிடம் சண்டை போட்டவர்கள் உண்டு. பால் டின்னையும் முட்டைத் தட்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு கார் நிறுத்துமிடம் வரை நடந்தவர்கள் உண்டு. காரின் பின்பக்கத்தில் ஐந்து பைகள் கிடக்க, அவற்றை மறந்து கடைக்குள் போய், "நீங்கள் போய் எடுத்து வாருங்கள்" என்று கணவரை அனுப்பிய தாய்மார்களும் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். சிரிக்கிறீர்கள், ஆகவே உண்மைதான்.

இப்போது பெரும்பாலோர் பழகிக்கொண்டார்கள். கைப்பைக்குள் ஒரு துணிப்பையை மடித்து வைப்பது பல பெண்களுக்கு இயல்பாகிவிட்டது. நம் பாட்டிமார்களுக்கு இதை யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. பசாருக்குப் புறப்பட்டால் கையில் ரொத்தான் கூடை இருக்கும். மீனை இலையிலோ தாளிலோ சுற்றிக் கொடுப்பார்கள். எண்ணெய்க்குப் போத்தல் கொண்டு போவார்கள். இன்று நாம் புதிதாகப் பழகுவது அவர்கள் அன்றாடம் செய்ததைத்தான்.

"பிளாஸ்டிக் பை இல்லாவிட்டால் வீட்டுக் குப்பையை எதில் கட்டுவது?" என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ரொட்டி, அரிசி, மாவு எல்லாம் இன்னும் பிளாஸ்டிக் உறையில்தான் வருகின்றன. அந்த உறைகளே பல வீடுகளுக்குப் போதும். காய்கறித் தோலையும் வாடிய பூவையும் செடிக்கு உரமாக்கினால் குப்பையில் ஈரம் குறையும், நாற்றமும் குறையும். நாம் கட்டிப் போடும் குப்பை மறைந்து விடுவதில்லை. தென் செபராங் பிறையில் உள்ள பூலாவ் புரோங் குப்பைக் கிடங்கில் போய்ச் சேருகிறது. 2022 ஜனவரியில் அங்கே தீப்பிடித்துப் பல நாள்கள் புகைந்தது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்களும் நம்மைப் போன்ற குடும்பத்தினரே.

அன்பர்களே, ஒன்றை விட்டு இன்னொன்றைக் குவிக்கும் ஆபத்தும் உண்டு. உங்கள் வீட்டில் இப்போது எத்தனை 'ரீசைக்கிள் பேக்' இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். திருமணத்தில் ஒன்று, தீபாவளிக்குக் கடைக்காரர் கொடுத்தது ஒன்று, கூட்டத்தில் ஒன்று. துணி போலத் தோன்றும் அந்தப் பைகளில் பெரும்பாலானவை துணியே அல்ல. பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழையால் ஆனவை. உண்மையான பருத்திப் பைக்கும் ஒரு கணக்கு உண்டு. பருத்தி விளைவிக்க நிலமும் நீரும் வேண்டும், நெய்யவும் தைக்கவும் ஆற்றல் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே முறை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப் பை பூமியைக் குறைவாகச் சூடாக்க வேண்டுமானால் அதை 131 முறையேனும் பயன்படுத்த வேண்டும். வாரம் ஒரு முறை கடைக்குப் போகிறவருக்கு இது இரண்டரை ஆண்டுக் கணக்கு. எனவே இருக்கும் பையை மறவாமல் எடுத்துப் போவதுதான் முக்கியம். புதுப்பை வாங்குவதில் புண்ணியம் இல்லை.

இந்த இடத்தில் உபயதாரப் பெருமக்களிடம் உரிமையோடு ஒன்று சொல்ல விரும்புகிறேன். திருவிழாக் காலங்களில், "சுவாமி படம் அச்சிட்டு ஆயிரம் பை உபயமாகத் தருகிறேன்" என்று அன்பர்கள் முன்வருகிறார்கள். அவர்களுடைய பக்தியை நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தப் பை வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆகிறது? முருகப் பெருமான் படம் உள்ள பையில் மீன் வாங்க மனம் வருமா? வராது. அழுக்கானால் குப்பையில் போட மனம் வருமா? அதுவும் வராது. எனவே அலமாரியில் பத்தோடு பதினொன்றாகக் கிடக்கிறது. பயன்படாத பையால் பிளாஸ்டிக் குறையாது. காலில் படும் இடத்தில் சுவாமி படம் கிடந்தால் நமக்குத்தான் மனவருத்தம். பை கொடுப்பதானால் படம் இல்லாத, கனமான, துவைக்கக்கூடிய பருத்திப் பையாகக் கொடுங்கள். ஆயிரம் வேண்டாம், இல்லாதவர்களுக்கு மட்டும் போதும்.

அடுத்து, நம் ஆலயத்தைப் பார்ப்போம். பேரங்காடியில் பை கேட்காமல் வருகிற அதே அன்பர், அர்ச்சனைத் தேங்காய், பூ, பழம், சூடம் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் கொண்டு வருகிறார். கடையில் விதி இருக்கிறது, கோயிலில் கேட்பார் இல்லை என்பதாலா? ஒரு மூங்கில் கூடையோ தாம்பாளமோ போதுமே! விபூதியைத் தாளில் மடித்துப் பொட்டலமாகக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அதை மீண்டும் கொண்டு வருவதில் நமக்கு ஒரு செலவும் இல்லை.

அன்னதானத்தில்தான் கடினம். உணவைக் கட்டிக் கொடுக்கும் பழுப்புத் தாளை வெறும் தாள் என்றே பலர் நினைக்கிறோம். அதன் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. "வீட்டில் நோயாளியான அம்மா இருக்கிறார், அவருக்குக் கொஞ்சம் கட்டிக் கொடுங்கள்" என்று கேட்பவரிடம் இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? சொல்லவும் கூடாது. பசித்தவருக்கு உணவு மறுத்துக் காக்கும் சுற்றுச்சூழல் நமக்கு வேண்டாம். வழக்கமாக எடுத்துச் செல்பவர்கள் தூக்குச் சட்டி கொண்டு வரட்டும். பாத்திரமின்றி வந்தவருக்கு வாழையிலையில் கட்டிக் கொடுப்போம், அல்லது ஆலயத்திலேயே சில தூக்குகள் வைத்திருந்து கொடுத்து, மறுமுறை வரும்போது திரும்ப வாங்கிக்கொள்வோம்.

தூக்கியெறியும் தட்டும் குவளையும் கோயிலுக்குள் ஏன் நுழைந்தன? உண்மையைப் பேசுவோம். கழுவ ஆள் இல்லை, அதனால்தான். எவர்சில்வர் தட்டு வாங்கப் பணம் தர இங்கே நல்ல உள்ளங்கள் பல உண்டு. அந்தத் தட்டைக் கழுவ, பந்தி முடிந்ததும் ஒரு மணி நேரம் நிற்கும் கைகள்தாம் குறைவு. முப்பது ஆண்டுக்கும் மேலாக வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் ஒன்று அறிவேன்: பிள்ளைகளுக்கு விதியைச் சொன்னால் மறந்துவிடுவார்கள், பொறுப்பைக் கொடுத்தால் மறக்க மாட்டார்கள். நம் இளைஞர் பகுதியிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைப்போம். பெரியவர்கள் நாமும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் நிற்போம்.

நிறைவாக உங்கள் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை முதல் அர்ச்சனைப் பொருள்களைக் கூடையில் கொண்டு வாருங்கள். பை உபயம் செய்ய எண்ணியிருப்பவர்கள் அதைத் தட்டு, குவளை, தூக்குச் சட்டி உபயமாக மாற்றித் தாருங்கள். பொருள் தர இயலாதவர்கள் மாதம் ஒரு நாள், ஒரு மணி நேரம், பாத்திரம் கழுவும் தொண்டுக்குப் பெயர் கொடுங்கள். பெயர் எழுதும் ஏடு அலுவலக மேசைமேல் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது.

உழவாரம் ஏந்திய அடியவர் வழியில் நாமும் இச்சிறு தொண்டைச் செய்ய எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.