நுண்கலைப் பட்டமும் கடன் கணக்கும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பழைய மாணவியர் நாங்கள் கூடும் இடமெல்லாம் இப்போது ஒரு கேள்வி எழுகிறது. “மகள் நுண்கலைதான் படிக்கப் போகிறேன் என்கிறாள். அந்தக் கடனை எப்படிக் கட்டி முடிப்பாள்?” லண்டனில் கேட்கிறோம், ரொறன்ரோவில் கேட்கிறோம். யாழ்ப்பாணத்திலும் வேறு விதமாகக் கேட்கிறோம். அரங்கேற்றத்துக்கு மண்டபம் எடுத்து, பக்கவாத்தியக்காரரை ஊரிலிருந்து அழைத்துச் செலவழிக்கும்போது ‘இதனால் என்ன வருமானம்?’ என்று நாங்கள் கேட்பதில்லை. அதையே பிள்ளை பட்டமாகப் படிக்க விரும்பினால் வீடு கலங்குகிறது. அந்தக் கலக்கத்தில் நியாயமும் உண்டு. ஆகையால் கணக்கைத் திறந்து பார்ப்போம்.

முதலில் இங்கிலாந்து. 2025/26 கல்வியாண்டில் பட்டப்படிப்புக்கான உச்சக் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண். மூன்று வருடத்துக்கு ஏறத்தாழ 28,600 பவுண். வாழ்க்கைச் செலவுக் கடனையும் முழுதாக எடுத்தால் 50,000 பவுணைத் தாண்டும். இந்தத் தொகையைக் கேட்டவுடன் எங்கள் தாய்மாருக்கு நெஞ்சு பதறும். ஆனால் அந்தக் கடன் நாங்கள் ஊரில் அறிந்த கடன் போன்றதல்ல. 2023 ஓகஸ்ட் முதல் படிப்பைத் தொடங்கியவர்களுக்கு, வருமானம் 25,000 பவுணைத் தாண்டினால்தான் கட்டவேண்டும். அதுவும் தாண்டிய பகுதியில் நூற்றுக்கு 9 வீதம் மட்டுமே. 30,000 பவுண் உழைக்கும் பிள்ளை வருடத்துக்கு 450 பவுண் கட்டுவாள். மாதத்துக்கு 37 பவுண் 50 பென்ஸ். பிள்ளைப்பேற்றுக்காக வேலையை விட்டு நின்றால் ஒன்றும் இல்லை. கணவரின் சம்பளம் கணக்கில் வராது. பெற்றோர் பிணை நிற்பதும் இல்லை. 40 வருடத்தில் மிகுதி தள்ளுபடியாகும்.

அதே 30,000 பவுணும் அதே எல்லையும் மாறாமல் இருந்தால், 40 வருடமும் கட்டிய மொத்தம் 18,000 பவுண். படிப்புக் கட்டணமே அதிலும் கூட. இந்தக் கணக்கைப் பார்க்காமல், ‘மகளுக்குக் கடன் வேண்டாம்’ என்று வீட்டை மீள அடகு வைத்து முழுக் கட்டணத்தையும் முற்பணமாகக் கட்டும் பெற்றோர் உண்டு. மகள் ஒருபோதும் கட்டத் தேவைப்படாத பணத்தை அவர்கள் வட்டியோடு கட்டுகிறார்கள். வருமானம் நிச்சயமில்லாத துறைக்கு இந்த அவசரம் பொருந்தாது.

அதற்காக உழைப்பைப் பற்றிய உண்மையை மறைக்கவும் கூடாது. லண்டனிலுள்ள நிதிக் கற்கைகள் நிறுவகம் 2020 இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. வரியும் கடனும் போக, பட்டம் பெற்றதால் ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் சராசரியாக ஏறத்தாழ 100,000 பவுண் மேலதிகமாகக் கிடைக்கிறது என்று அது கணித்தது. ஆனால் ஆக்கக் கலைகள் படித்த பெண்களுக்கு அந்த இலாபம் சராசரியில் ஏறக்குறையப் பூச்சியம். ஆண்களுக்கு நட்டம். அதாவது, கலைப் பட்டத்தால் கைக்காசு பெருகும் என்று எவரும் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க முடியாது. கடன் அவளை வீழ்த்தாது; பட்டம் தானாக அவளை உயர்த்தவும் மாட்டாது. இரண்டையும் ஒன்றாகவே சொல்லவேண்டும்.

கனடாவில் 2023 ஏப்ரல் முதல் மத்திய அரசின் மாணவர் கடனுக்கு வட்டி இல்லை. குறைந்த வருமானக்காரருக்குத் தவணைச் சலுகையும் உண்டு. ஆனால் ஊரிலிருந்து வெளிநாட்டு மாணவியாகப் போகும் பிள்ளைக்கு இவை எதுவும் கிடையாது. காணி உறுதியையும் நகையையும் வங்கியில் வைத்து எடுக்கும் கடனுக்கு வருமான எல்லையும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. உழைத்தாலும் உழைக்காவிட்டாலும் தவணை வரும். கலைப் படிப்புக்கு அத்தகைய கடனை எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

ஊரில் நிலைமை வேறு. முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகம் என்று இருந்தது, இப்போது மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஒரு பீடமாக இயங்குகிறது. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. 1945 முதல் வந்த இலவசக் கல்வியின் பயனாக அங்கே கட்டணக் கடன் இல்லை. ஆயினும் செலவு உண்டு. வீணை, வயலின், ஆடை அணிகள், வர்ணங்கள், தங்குமிடம் எல்லாம் வீட்டுக்காரரின் பொறுப்பு. பட்டம் பெற்றபின் ஆசிரிய நியமனத்துக்காகக் காத்திருக்கும் வருடங்களும் ஒருவகைக் கடன்தான். 2017 இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரம் அமர்ந்திருந்ததை நாம் மறக்கவில்லை.

ஆகவே மகளோடு இருந்து பேசும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கடன் யாருடைய பெயரில்? தவணை வருமானத்தைப் பொறுத்ததா, இல்லையா? அந்தக் கற்கைநெறியில் தொழிற்பயிற்சியோ, பின்னர் ஆசிரியத் தகைமைக்கு வழியோ உண்டா? கலையால் வீட்டு வாடகை கட்ட முடியாத மாதங்களில் கைகொடுக்க அவளிடம் இன்னொரு தொழில் இருக்குமா? நான்குக்கும் தெளிவான விடை இருந்தால் அவளைத் தடுக்காதீர்கள். மனமில்லாமல் கணக்கியல் படித்து இடையில் விடும் பிள்ளைக்கும் கடன் இருக்கிறது. பட்டம் மட்டும் இல்லை.

இறுதியாக எங்கள் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நிதியிலிருந்து மருத்துவம், பொறியியல் படிக்கும் தங்கைமாருக்கு உதவும்போது, நுண்கலைக்குத் தெரிவாகும் ஒரு தங்கைக்கும் ஓர் இடம் ஒதுக்குவோம். ஒரு வீணையும் நாலு வருட விடுதிச் செலவும் எங்களில் இருபது பேர் சேர்ந்தால் பெரிய பாரமல்ல. எங்கள் காலைப் பிரார்த்தனைக்குச் சுருதி சேர்த்தவர்களும், பரிசளிப்பு விழா மேடைக்கு ஓவியம் தீட்டியவர்களும், நாடகம் பழக்கியவர்களும் இந்தப் படிப்பைப் படித்துவிட்டு வந்த ஆசிரியைகளே. அடுத்த நூறு வருடத்துக்கும் அவர்கள் தேவை.