'சாங்ஷன்': அனுமதியா, தண்டனையா?



'சாங்ஷன்' என்ற ஆங்கிலச் சொல் நமக்குப் புதிதன்று. விடுப்பு சாங்ஷன் ஆயிற்றா, சேமநல நிதி முன்பணம் சாங்ஷன் ஆயிற்றா என்று அடிக்கடி கேட்கிறோம். அரசாணைகள் இதை 'ஒப்பளிப்பு' என்கின்றன. ஆங்கில நாளிதழை விரித்தால், ஒரு நாட்டின் மீது 'சாங்ஷன்ஸ்' விதிக்கப்பட்டதாகச் செய்தி வருகிறது. தமிழ் நாளிதழ்கள் அதைப் 'பொருளாதாரத் தடை' என்கின்றன. முன்னது அனுமதி, பின்னது தண்டனை. சொல்லோ ஒன்றுதான்.

'சாங்ஷன் என்றால் அனுமதி' என்று மட்டும் மனப்பாடம் செய்த மாணவர், அந்த நாட்டுக்கு ஏதோ அனுமதி கிடைத்துவிட்டது என்றே புரிந்துகொள்வார். படித்த பொருளைத்தான் அவர் பொருத்திப் பார்க்கிறார். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று எழுதிப்போடும் பட்டியல் முறையின் குறை இது.

இந்த இரு பொருளும் எப்படி வந்தன? 'புனிதமாக்கு, மீறக்கூடாததாக நிலைநிறுத்து' என்ற பொருளுடைய இலத்தீன் வினைச்சொல்லே இதன் வேர். புனிதரைக் குறிக்கும் 'செயின்ட்', சரணாலயத்தைக் குறிக்கும் 'சாங்சுவரி' ஆகியவையும் இதே குடும்பம். அதிகாரம் உடையவர் ஒன்றை ஏற்று உறுதிசெய்தால் அது அனுமதி. உறுதிசெய்த சட்டத்தை எவரும் மீறாதிருக்க வைக்கும் தண்டனையும் அதே பெயர் பெற்றது. எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக 1935இல் சர்வதேச சங்கம் எடுத்த பொருளாதார நடவடிக்கைகளும் 'சாங்ஷன்ஸ்' என்றே அழைக்கப்பட்டன.

வகுப்பறையில் இதை எப்படி வேறுபடுத்திக் காட்டுவது? சொல்லின் அண்டை அயலைப் பார்க்கச் சொல்லுங்கள். 'கிராண்ட்', 'அப்டெயின்' போன்ற வினைகள் உடன் வந்தால் அனுமதி. 'இம்போஸ்', 'லிஃப்ட்' உடன் வந்தால் தண்டனை. தண்டனைப் பொருளில் பெரும்பாலும் பன்மையாக வரும்; 'ஆன்', 'அகெய்ன்ஸ்ட்' என்ற முன்னிடைச்சொற்கள் தொடரும். வினைச்சொல்லாக வரும்போது செயப்படுபொருளைப் பாருங்கள். கடன், விடுப்பு, பணியிடம் என்றால் அனுமதி; ஆள், நிறுவனம், நாடு என்றால் பெரும்பாலும் தண்டனை.

ஓர் இடத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர 'சாங்ஷன்' தரப்பட்டது என்ற செய்தியில் குற்றம், வழக்கு எல்லாம் இருப்பதால் தண்டனை என்று தோன்றும். அங்கே அதன் பொருள், வழக்குத் தொடர்வதற்கான முன் அனுமதி. அவர் இன்னும் தண்டிக்கப்படவில்லை. இதை மாற்றிப் புரிந்துகொண்டால், விசாரணையே தொடங்காத ஒருவரை நம் மனம் குற்றவாளி ஆக்கிவிடும்.

மாணவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றினால், தமிழிலிருந்தே தொடங்கலாம். 'வரிவிலக்கு' என்றால் சலுகை. 'மதுவிலக்கு' என்றால் தடை. இரண்டிலும் இருப்பது 'விலக்கு' என்ற ஒரே சொல்தான். எந்தக் குழந்தையும் இங்கே குழம்புவதில்லை. பக்கத்துச் சொல் பொருளைக் காட்டிவிடுகிறது. தாய்மொழியில் இயல்பாகச் செய்வதை ஆங்கிலத்திலும் செய்யப் பழக்குவதே நம் வேலை.

தொடக்க வகுப்புகளுக்கு 'விலக்கு' விளையாட்டே போதும். உயர்நிலை வகுப்புகளில் ஆறு செய்தித் தலைப்புகளைக் கரும்பலகையில் எழுதி, அனுமதியா தண்டனையா என்று குழுவாகப் பிரிக்கச் சொல்லலாம். எந்தச் சொல்லைக் கொண்டு முடிவு செய்தார்கள் என்று அடிக்கோடிடச் செய்வது முக்கியம். விடை சரியாக இருப்பதைவிட அந்த அடிக்கோடுதான் கற்றலைக் காட்டும். அவர்களே எழுதும்போது ஐயம் வந்தால், 'அப்ரூவ்' அல்லது 'பெனலைஸ்' என்று தெளிவான சொல்லையே எழுதச் சொல்லுங்கள்.

நாளை வங்கிக் கடிதத்தையும் நீதிமன்றச் செய்தியையும் நம் மாணவர்கள் தாமே படிப்பார்கள். அப்போது அகராதி கையில் இருக்காது. பக்கத்துச் சொல்லைப் பார்க்கும் பழக்கம் இருக்கும். அதை இன்றே கொடுப்போம்.