யாரை வியக்கிறோம், எதற்காக வியக்கிறோம்?

தோழர்களே, மலையூர்களிலிருந்து வந்திருக்கும் மாணவர்களே,

'உனக்குப் பிடித்த மனிதர் யார்?' என்று பள்ளியில் கேட்பார்கள். நாம் ஒரு பெயரைச் சொன்னதும் கைதட்டி உட்கார வைத்துவிடுவார்கள். அவரை ஏன் பிடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. இன்று அதைக் கேட்டுப் பார்ப்போம்.

அதற்கு வெளியே போக வேண்டியதில்லை. இந்த ஜவ்வாது மலையிலேயே ஒரு பெயர் இருக்கிறது. புலியூர் ஸ்ரீபதி, மலையாளி பழங்குடிப் பெண். 2023 நவம்பரில் பிரசவமாகி இரண்டே நாளில், 200 கிலோமீட்டருக்கு மேல் காரில் பயணம் செய்து, சென்னையில் உரிமையியல் நீதிபதித் தேர்வை எழுதினார். 2024 பிப்ரவரியில் முடிவு வந்தது. 23 வயதில் தேர்வாகியிருந்தார்.

வியக்க வேண்டிய பெண்தான். ஆனால் நாம் எதை வியந்தோம்? பச்சை உடம்போடு அவர் போனதைத்தான் எல்லோரும் பேசினார்கள். 'மனம் வைத்தால் எதுவும் முடியும்' என்று முடித்தார்கள். இந்தப் பேச்சுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. வர முடியாதவள் மனம் வைக்கவில்லை என்று ஆகிவிடும். இடஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் 'தகுதி, திறமை' என்று சொல்வதும் இதையேதான்.

அவர் உழைப்போடு வேறு சிலவும் சேர்ந்திருந்தன. கணவரும் தாயும் துணை நின்றார்கள். பழங்குடியினருக்கு 1 விழுக்காடு தனி இடஒதுக்கீடு 1990-இல் வந்தது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முன்னுரிமை தரும் அரசாணையின் வழியே அவர் தேர்வானதாக அன்றைய முதலமைச்சர் ஸ்டாலின் தம் வாழ்த்தில் குறிப்பிட்டார். இவை எதுவும் தானாக வரவில்லை. பெயர் தெரியாத பலர் கேட்டும் போராடியும் வாங்கியவை.

1943 சனவரி 18 அன்று பூனாவில், ரானடேயின் 101-ஆவது பிறந்தநாள் விழாவில் அண்ணல் அம்பேத்கர் இதே கேள்வியை எடுத்தார். யார் பெரிய மனிதர்? அறிவும் நேர்மையும் மட்டும் போதாது. சமூக நோக்கம் வேண்டும், சமூகத்தின் அழுக்கை அகற்ற வேண்டும் என்றார். தனிமனித வழிபாட்டையும் அதே உரையில் கண்டித்தார். அவருக்கே மாலை போட்டுவிட்டு, கேள்வி கேட்காமல் வீட்டுக்குப் போனால் அது வெறும் பக்தி.

இன்னொரு நாளையும் நினைவூட்ட வேண்டும். 2015 ஏப்ரல் 7. செம்மரம் வெட்டினார்கள் என்று சொல்லி, சேசாசலம் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேரை ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்றது. இந்த மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். அவர்களின் பெயர்கள் உங்களுக்குத் தெரியும். கீழேயிருந்து வந்திருக்கும் எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஸ்ரீபதியின் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது. கூலிக்காக மலை இறங்கியவர்கள் மனம் வைக்காதவர்களா? அதே மலைதான். ஒருவருக்குத் திறந்த வழி மற்றவர்களுக்குத் திறக்கவில்லை.

அதனால் ஒருவரை வியந்தால் அதோடு நிற்கக் கூடாது. அவர் வந்த வழியைப் பார்க்க வேண்டும். அந்த வழியில் இன்னும் கிடக்கும் கல்லையும் பார்க்க வேண்டும். பழங்குடிச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் போதாது, கோட்டாட்சியர் வரை போக வேண்டும். அதற்காக எத்தனை நாள் கூலியை இழக்கிறோம்? பிரசவித்த பெண் ஏன் அவ்வளவு தூரம் போய்த் தேர்வெழுத நேர்ந்தது? இவற்றைக் கேட்பதுதான் ஸ்ரீபதிக்கு நாம் செய்யும் மரியாதை.

மலையிலிருந்து ஒரு பெண் நீதிபதியாவது செய்தியே ஆகாத நாள் வர வேண்டும். அந்த நாளுக்காக வேலை செய்வோம்.