குருதி கசிந்த கல்

(ஆவடியில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆவடியோடு ஒட்டிய ஊர் வட திருமுல்லைவாயில். அங்குள்ள மாசிலாமணியீசர் கோயிற் கருவறையில் நிற்கும் சிவக்குறிக் கல்லின் உச்சியில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டென்பர். ஆண்டு முழுதும் அதன்மேற் சந்தனச் சாந்து பூசப்பட்டிருக்கும். மேழத் (சித்திரை) திங்களிற் சதய நாளையொட்டி மட்டும் அக்காப்பினைக் களைந்து, பின்னர் மீண்டும் பூசுவர். கருவறை முன் வெள்ளெருக்கந் தூண்கள் இரண்டு நிற்கின்றன. விடையோ (நந்தி), பிற கோயில்களிற் போல இறைவனை நோக்காது, அவனுக்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கி அமர்ந்திருக்கின்றது.

இம் மூன்றுக்கும் மக்கள் கூறும் கதை ஒன்றே. இப்பகுதியைக் குறும்பர் ஆண்டனர். அவர்மேற் படையெடுத்த தொண்டைமான் தோற்றுத் திரும்பினான். வழியில் அவன் யானையின் கால்களை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. யானைமேலிருந்தவாறே அவன் கொடியை வாளால் வெட்ட, அடியிற் குருதி பெருகிற்று. இறங்கிப் பார்த்தால், வெட்டுண்டு நின்றது சிவக்குறிக் கல். செய்த பிழைக்காகத் தன் கழுத்தையே அரியத் துணிந்தான் மன்னன். இறைவன் தடுத்து, விடையைத் துணைக்கு அனுப்பினான். குறும்பர் வீழ்ந்தனர். அவர் கோட்டையினின்று கொண்டுவந்தவையே எருக்கந் தூண்கள். போருக்குப் புறப்பட்ட கோலத்திலேயே விடை இன்றும் அமர்ந்துள்ளது என்பது கதை.

இக்கதையை வெறும் கட்டுக்கதையென்று எறிந்துவிடுவாரும் உளர். எழுத்துக்கு எழுத்து மெய்யென்று நம்புவாரும் உளர். இரு சாராரும் அதனை ஆராய்ந்தாரில்லை. கி.பி. 8-ஆம் நூற்றாண்டினராகிய நம்பியாரூரர் (சுந்தரர்) இவ்வூர்ப் பதிகத்தில் இந்நிகழ்ச்சியைக் குறிக்கின்றார். தொண்டைமானும், அவன் களிறும், அதனைக் கட்டிய முல்லைக்கொடியும், இறைவன் வெளிப்பாடும் அங்கு உள. வாள் வெட்டு இல்லை, குருதி இல்லை, குறும்பரும் இலர். பதிகம் சொல்லாது விட்டதை மக்கள் வாய்மொழி சொல்கின்றது. அது பின்னர் வளர்ந்ததாயினும் ஆகுக. அதற்குள் ஓர் இனத்தின் நினைவு உறைந்து கிடக்கின்றது.

அக் குறும்பர் யாவர்? தொண்டை மண்டிலத்தை 24 கோட்டமாக வகுத்து, புழலைத் தலைமையிடமாகக் கொண்டு ஆண்டவர் அவரே என்பது வழிவழிச் செய்தி. காலின் மெக்கன்சி (1754 - 1821) தொகுத்த சுவடிகளிலும் அவர்தம் கதை இடம்பெற்றுள்ளது. இன்று ஏரிக்கும் சிறைக்கும் மட்டுமே அறியப்படும் புழல், அவர்களின் கோட்டையூராகப் பேசப்பட்டது. குறும்பு என்னுஞ் சொல் பழந்தமிழில் அரணைக் குறித்தது. குறுநில மன்னரைக் குறித்தது. குறும்பாடு என்னும் ஆட்டினப் பெயர் இன்றும் வழக்கிலுள்ளது. அரணைக் குறித்த சொல்லே பின்பு தீச்செயலுக்கும் சிறுவர் சேட்டைக்கும் பெயராயிற்று. கோயிற் கதை சொல்வாருட் சிலர் அவரை 'அசுரர்' என்றே ஆக்கிவிட்டனர். வென்றவன் சொல்லுங் கதையில் தோற்றவன் மாந்தனாகவும் எஞ்சுவதில்லை! ஆயினும் அவன் கோட்டைத் தூண்கள் என்று சொல்லப்படுபவை வென்றவன் கோயிலிலேயே நின்று, அவன் இருந்தான் என்று சான்று பகர்கின்றன.

கல் குருதி சிந்துமோ என்று நகைப்பார்க்கும் ஒரு விடை உண்டு. இக்கருத்து இவ்வூர்க்கு மட்டும் உரியதன்று. திருவள்ளூரை அடுத்த திருப்பாசூரில் மூங்கிற் புதரில் இருந்த கல் வாச்சி பட்டுக் குருதி சிந்திற்று என்பர். கொல்லிமலை அறப்பள்ளியில் உழுமுனை பட்டுச் சிந்திற்று என்பர். கல்லை உயிருடையதாகக் கண்ட மக்களின் எண்ணம் இது. போரிற் பட்ட மறவனுக்குக் கல் நாட்டும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் ஆறு துறையாக வகுத்தது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இற் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்துக் கல்லொன்று, ஆநிரைப் பூசலில் இறந்தவனுக்கு நட்டது. தமிழனுக்குக் கல் வெறுங் கல்லன்று. மாண்டவன் நிற்கும் நிலை. முல்லைவாயிற் கல் நடுகல் என்பதன்று இங்குச் சொல்வது. கல்லுக்குள் குருதி ஓடுவதாகக் கருதிய நெஞ்சம் நடுகல் நட்ட நெஞ்சமே என்பதுதான்.

இனி, ஊர்ப்பெயரைக் காண்க. ஆவடி என்பது ஆங்கிலச் சொற்கள் சிலவற்றின் முதலெழுத்துக் கூட்டு என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகின்றனர். ஆ + அடி என நிறுத்தினால், இடையில் வகரம் உடம்படுமெய்யாகத் தோன்றி ஆவடி ஆவது தமிழிலக்கண நெறி. அருகே முல்லையின் வாயில். இங்கே ஆவின் அடி. முல்லையும் ஆனிரையும் ஒரே திணைக்கு உரியன அல்லவோ? தன் மொழியிலேயே பொருள் தரும் பெயருக்கு அயன்மொழியிற் பிறப்புத் தேடுவது, தாயிருக்கத் தாய் தேடி அலைவதாகும்.

ஆதலின், அவையீர்! ஊர்தோறும் நிற்குங் கற்களையும், அவற்றைப் பற்றி முதியோர் சொல்லுஞ் செய்திகளையும் சொன்னவாறே எழுதி வையுங்கள். குறும்பரை அசுரராக்கியது போல எதனையும் திருத்தாதீர்கள். முதியோர் ஒருவர் மறைந்தால் ஒரு சுவடி எரிந்ததாகும். கல்லின் தழும்பைச் சாந்து மூடலாம்; இனத்தின் நினைவை மறதி மூட விடலாகாது.